மெதுவாகப் போகும்போது காடி ஏன் ஆடுகிறது?

தோட்டத்தில் இன்று ஒரு லயத்துக்கு இரண்டு மூன்று காடிகளாவது நிற்கின்றன. அவற்றில் பல, வேறொருவர் ஓட்டித் தேய்த்தபின் நம் கைக்கு வந்தவை. பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கும், கிளினிக்குக்குப் போவதற்கும், சம்பளம் போட்டதும் பட்டணத்தில் சாமான் வாங்குவதற்கும் அதுதான் வாகனம். அந்தக் காடி ஒருநாள் மெதுவாகப் போகும்போதே ஆடத் தொடங்கினால் என்ன செய்வது? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நான் பட்டறைக்காரன் அல்லன். ஆனால் இந்தப் பாடத்தைப் பணம் கட்டிப் படித்தவன்.

என் காடி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஸ்டியரிங் இடமும் வலமுமாக அசைந்தது. வேகம் கூடியதும் அசைவு குறைந்து, ஒரு சிறு நடுக்கமாக மாறியது. பட்டணத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். நான்கு சக்கரங்களுக்கும் பாலன்சிங் செய்தார்கள். ஆட்டம் நிற்கவில்லை. அடுத்த வாரம் அலைன்மெண்ட் செய்தார்கள். அப்போதும் நிற்கவில்லை. நூறு வெள்ளிக்கு மேல் செலவாகிவிட்டது. பக்கத்து வீட்டில், லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வியே என்னை விழிக்க வைத்தது. “வாத்தியாரே, வேகமா போனா ஆடுதா, மெதுவா போனா ஆடுதா? அதைச் சொல்லாம காசைக் குடுத்தா, அவன் தெரிஞ்ச வேலையைத்தானே செய்வான்?”

இந்தக் கேள்விக்குள் ஒரு அறிவியல் இருக்கிறது. கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். மெதுவாகச் சுழற்றினால் கை இழுபடுவது அவ்வளவாகத் தெரியாது. வேகம் இரு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். வேகம் மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். சக்கரத்தின் ஒரு பக்கம் சில கிராம் கனம் கூடியிருப்பதைத்தான் பாலன்ஸ் குறை என்கிறோம். ஆகவே அந்தக் குறை பெரும்பாலும் 80, 100 கிலோமீட்டர் வேகத்தில்தான் கைக்குத் தெரியும். 30இல் தெரியாது.

ஆனால் சக்கரத்தின் வடிவமே கெட்டிருந்தால் கதை வேறு. செம்பனைக் குலை ஏற்றும் தள்ளுவண்டியின் சக்கரம் கோணியிருந்தால், எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும் அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எழுந்து விழும் அல்லவா? காடியிலும் அப்படித்தான். 13 அங்குல ரிம் உள்ள சிறிய காடியின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் ஓடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு நான்கு அல்லது ஐந்து தடவை அந்த மேடு தரையில் மோதும். அதைக் கை நன்றாக உணரும். வேகம் கூடும்போது மோதல்கள் ஒன்றோடொன்று கலந்து விடுவதால், சரியாகிவிட்டது போன்ற ஒரு மயக்கம் ஏற்படும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

அண்ணன் சொன்னபடி சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தோம். இதைச் செய்ய விரும்புகிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். மழையில் ஊறிய செம்மண்ணில் ஜாக்கி வைக்காதீர்கள். அது புதைந்து சாயும். சமமான, கெட்டியான தரை வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்குவதானால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுப் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வையுங்கள். காடிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பிறகு டயருக்கு மிக அருகில் ஒரு குச்சியை அசையாமல் ஊன்றி வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். குச்சிக்கும் டயருக்கும் இடையே உள்ள வெளி சுற்று முழுவதும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் டயர் குச்சியைத் தொட்டு, மற்ற இடத்தில் விலகினால், அங்கேதான் குற்றம். அடுத்து குச்சியை ரிம்மின் விளிம்புக்கு நேராக வைத்துச் சுற்றினால், ரிம் வளைந்திருப்பதும் தெரிந்துவிடும்.

என் காடியில் இடது முன் டயர், ஓரிடத்தில் கட்டை விரல் அகலத்துக்கு மேடு தட்டியிருந்தது. உட்பக்கச் சுவரிலும் அரை எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. டயர் என்றால் ரப்பர் மட்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பால் மரம் வெட்டிய கைகளுக்கு அந்த நினைப்பு இயல்புதான். ஆனால் காடி டயரின் ரப்பருக்குள்ளே நூல் அடுக்கும் எஃகுக் கம்பிப் பட்டையும் இருக்கின்றன. குழியில் பலமாக மோதியதாலோ, காற்றுக் குறைவாக ஓட்டியதாலோ, வயதானதாலோ அந்த அடுக்குகள் விட்டுப்போனால் ரப்பர் புடைத்துக்கொள்ளும். அதற்கு ஒட்டுப் போட முடியாது. எந்த நேரமும் வெடிக்கலாம். அதற்கு முந்திய சனிக்கிழமைதான் ஓட்டப் பந்தயத்துக்காக நான்கு மாணவர்களை அந்தக் காடியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். அந்த டயரைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய டயர் வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. டயரின் பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளோடு ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2318 என்றிருந்தால், 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூ நன்றாக இருக்கிறதே என்று வயதைப் பாராமல் வாங்காதீர்கள்.

டயரைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் ஆட்டம் வந்து, மிதியடியும் காலை உந்தினால், பிரேக் தட்டோ டிரம்மோ சீராக இல்லை. காடி நிற்கும்போதே உடம்பு நடுங்கினால் சக்கரத்தைத் தேட வேண்டாம். சக்கரம் சுற்றவே இல்லையே! அது பிளக்காக இருக்கலாம், அல்லது எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மௌண்டிங் கிழிந்திருக்கலாம். ஆட்டோ கியர் காடியில் பிரேக்கை மிதித்தபடி கியரைப் போட்டால் நடுக்கம் வந்து, நியூட்ரலில் குறைந்தால், மௌண்டிங்கின் மேல்தான் முதல் சந்தேகம். புறப்படும்போது, கிளச்சை விடும் அந்த ஒரு கணம் மட்டும் குலுங்கினால் கிளச்சைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கும் காடியில் எண்ணெய் மிதியை அழுத்தினால் ஆடி, விட்டால் நின்றுவிடுகிறதா? அப்படியானால் டிரைவ் ஷாஃப்டின் மூட்டு தேய்ந்திருக்கலாம். அதன் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று பாருங்கள். பல நாள் ஓட்டாமல் நிறுத்திய காடி முதல் சில கிலோமீட்டர் ஆடிப் பிறகு சரியானால், டயர் ஒரு பக்கம் தட்டையாகிப் பின் சூடேறித் திரும்பியிருக்கிறது. காற்றைச் சரிபார்த்தால் போதும்.

ஆட்டத்தோடு ‘டொக் டொக்’ என்று சத்தமும் கேட்டால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். வீடு பக்கம்தானே என்று ஓட்டாதீர்கள். சக்கர நட்டு தளர்ந்திருக்கக் கூடும். சக்கரமே கழன்று ஓடிவிடும். நட்டுகளைச் சுற்று வரிசையில் இறுக்காமல், ஒன்றை இறுக்கியபின் அதற்கு எதிரே உள்ளதை இறுக்க வேண்டும். ஆணித் துளை நீண்டு அகன்றிருந்தால் இறுக்கியும் பயனில்லை; அந்த ரிம்மை மாற்றத்தான் வேண்டும்.

புதிய டயர் போட்டதும் என் காடியில் ஆட்டம் நின்றது. 50 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்கும்படி அண்ணன் சொன்னார். பார்த்தேன். நான்கில் ஒன்று கால் சுற்று வந்தது.