விருது பெற்ற கதைகள் நம் கதைகளே

(பெருங்குடி வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்த கையோடும், கட்டட வேலை முடித்த களைப்போடும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். “எழுத்தாளருக்கு விருது கொடுத்தால் நம் கூலி உயருமா?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. உயராது. பின் எதற்கு அதைப் பற்றிப் பேசுகிறோம்?

சாகித்திய அகாடமி 1955 முதல் தமிழ் நூல்களுக்கு விருது அளித்து வருகிறது. முதல் விருது ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழின்பம்’ என்ற கட்டுரை நூலுக்கு. 1958இல் ராஜாஜி எழுதிய ராமாயணத்துக்கு. நல்ல தமிழ்தான்; மறுக்கவில்லை. ஆனால் உழைப்பவனின் வியர்வை அந்த மேடைக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று.

வந்தவர்களைப் பாருங்கள். 2008இல் ‘மின்சாரப்பூ’வுக்கு விருது பெற்ற மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், ஊரிலே சிறு மளிகைக் கடை வைத்துப் பிழைத்தவர். 2012இல் விருது பெற்ற டி. செல்வராஜின் ‘தோல்’, திண்டுக்கல்லில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் பதனிட்ட தொழிலாளர்கள் சங்கம் கண்டு தலைநிமிர்ந்த கதை. 2019இல் ‘சூல்’ நாவலுக்கு விருது பெற்ற சோ. தர்மன் கோவில்பட்டியில் மில் தொழிலாளியாக இருந்தவர். ஒரு கண்மாய் கெட்டால் ஊரே எப்படிக் கெடுகிறது என்பதே அவர் கதை.

முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் நம் பெயருக்கு எதிரே கூலி மட்டுமே இருக்கும். குழியில் வெந்த கால் அதில் இராது. வேலைநிறுத்த நாளில் அடுப்பெரியாத வீடும் இராது. அதை எழுதி வைப்பது கதைதான். எழுதாவிட்டால், நாம் பட்ட பாட்டை நம் பேரப்பிள்ளைகளே நம்பமாட்டார்கள்!

பெருங்குடிக்குக் கதை இல்லையா? பள்ளிக்கரணைச் சதுப்பிலே பல்லாண்டுகள் நகரத்தின் குப்பை மலையாகக் குவிந்தது. அதைக் கிளறிப் பிழைத்த குடும்பங்கள் உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டிய கைகள் உண்டு. இந்தக் கதையை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

எனவே இரண்டு வேலைகள். இந்த மூன்று நூல்களும் நம் பகுதி நூலகத்துக்கு வரவேண்டும். இல்லையெனில் கையெழுத்திட்டுக் கேட்போம். வாரம் ஒருநாள் எழுத்தறிந்த தோழர் ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும்.

கேட்கிறவர்களில் ஒருவன் நாளை பேனா எடுப்பான். ஐந்தாம் வகுப்புப் போதும் என்பதற்குத்தான் சாட்சி இருக்கிறதே!