காகித மணியும் கைத்தொழில் கணக்கும்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



கைவினை நகை செய்து பிழைக்க முடியுமா என்று உங்களுட் சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்கு விடையாக, உகாண்டா நாட்டுப் பெண்களைப் பற்றிச் சொல்ல விழைகிறேன்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள அந்நாட்டின் வடபகுதியில், 1987ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஜோசப் கோனியின் கிளர்ச்சிப் படையினால் பெருந்துன்பம் விளைந்தது. ஊர்கள் எரிந்தன, சிறுவர் சிறுமியர் கடத்தப்பட்டனர். உறைவிடம் இழந்தோர் தொகை ஒரு கட்டத்தில் 20 இலட்சத்தை நெருங்கியது. அவர்களுள் அச்சோலி இனத்தார் பலர் தலைநகராகிய கம்பாலாவுக்கு வந்து, ஒரு குன்றுப் பகுதியில் குடியேறினர். கணவனைப் பறிகொடுத்தவர்களும், எச்.ஐ.வி. நோய்க்கு ஆளானவர்களும் அப்பெண்களுள் இருந்தனர். கிடைத்த வேலையோ கல்லுடைப்பு. வெயிலில் அமர்ந்து, சுத்தியலால் பாறையைச் சல்லியாக்கி, கலன் கணக்கில் கூலி பெற்றனர். பாலை நிறுத்துக் கூலி பெற்ற குடும்பங்களுக்கு, அளவு குறைந்த நாளில் அடுப்பு என்னாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்பெண்களுட் சிலர் காகித மணியும் செய்தனர். பழைய இதழ்கள், நாள்காட்டிகள், சுவரொட்டிகள் ஆகியவற்றை, ஒருமுனை அகன்றும் மறுமுனை கூர்ந்தும் உள்ள நீண்ட பட்டைகளாக வெட்டுவர். அகன்ற முனையிலிருந்து மெல்லிய கம்பியில் இறுகச் சுற்றி, கூர்நுனியைப் பசையால் ஒட்டினால், நடு பருத்த மணி கிடைக்கும். சம அகலமுள்ள பட்டையானால் குழல் போன்ற மணி வரும். பின்னர் வார்னிஷ் பூசி உலர்த்துவர். ஒரு பூச்சுப் போதாது. வியர்வை பட்டவுடன் காகிதம் ஊறிவிடும்.

மணிகள் அழகாகவே இருந்தன, வாங்குவோர்தாம் இலர். 2004ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்கள் மூவர் "பீட்ஃபார்லைஃப்" என்னும் அமைப்பைத் தோற்றுவித்து, மணிகளை விலைக்கு வாங்கித் தம் நாட்டில் வீட்டுக்கு வீடு கூட்டம் கூட்டி விற்றனர். இரக்கத்தால் வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். மீண்டும் வாங்க வேண்டுமானால் சரக்குத் தரமாக இருத்தல் வேண்டும். ஆகவே கோணலாகச் சுற்றிய மணி அங்கு விலைபோகவில்லை.

எனினும், நான் பெரிதும் மதிப்பது வேறொன்று. மணி விற்ற பணத்தில் ஒரு பகுதியை அப்பெண்கள் சேமிக்க வேண்டியிருந்தது. அதுவும் தம் பெயரிலேயே வங்கிக் கணக்குத் தொடங்கி. (பின்வரிசை ஆடவர் முகம் சுளிக்க வேண்டா!) ஏறத்தாழ 18 மாதங்களில், அச்சேமிப்பை முதலாகக் கொண்டு வேறு தொழிலுக்கு மாறுவதே ஏற்பாடாக இருந்தது. எளிதிற் கற்கும் தொழிலைப் பலரும் கற்பர். பலரும் செய்தால் விலை இறங்கும். அதற்குமுன் கோழி வளர்ப்போ தையலோ கைகொடுக்க வேண்டுமல்லவா?

ஆசிரியப் பயிற்சி பெற்றவனாதலால் கணக்குப் போடாமல் விட எனக்கு மனம் வருவதில்லை. ஒரு மாலைக்கு 100 மணிகள், மணி ஒன்றுக்கு 2 நிமிடம் என்று கொள்வோம். சுற்றுவதற்கே 200 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல். கோப்பதும் பூசுவதும் தனி. அம்மாலையை 5 வெள்ளிக்கு விற்று, வார்னிஷுக்கும் நூலுக்கும் 2 வெள்ளி கழித்தால், உங்கள் உழைப்புக்கு மணிக்கு ஒரு வெள்ளிகூடத் தேறாது. காகிதம் இலவசமென்று மகிழ்கிறோம். கைகளையும் இலவசமாக எண்ணிவிடுகிறோம். தனித்து வாழும் தாய்மார்க்கு இத்தவறு பிள்ளைகளின் சோற்றிலேயே போய் முடியும்.

எனவே, முதலில் பத்து மாலைகள் மட்டும் செய்யுங்கள். திருவிழாச் சந்தையில் வைத்துப் பாருங்கள். எந்த நிறம் போயிற்று, எது தங்கிற்று, எவ்வளவு நேரம் பிடித்தது என்பவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எழுத வராதவர்க்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

இம்மேசைமீது பழைய நாள்காட்டிகளும், கத்தரிக்கோலும், பசையும் உள்ளன. இப்பொழுது ஆளுக்கொரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை வெட்டுவதிலிருந்து தொடங்குவோம்.