எழுதுகோலும் செங்கோலும்

(மதுரை, தல்லாகுளத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



வையையின் வடகரையில் அமைந்த இத் தல்லாகுளத்தினின்று ஆற்றைக் கடந்தால் பாண்டியரின் பழம்பதி. ஆராயாது இட்ட ஓர் ஆணையால் ஓர் அரசு வீழ்ந்த வரலாற்றைச் சிலம்பு இம் மண்ணின்மேல் வைத்தே பாடியது. பொற்கொல்லன் சொன்னான், நெடுஞ்செழியன் வினவாது ஆணையிட்டான், கோவலன் வெட்டுண்டான். கண்ணகி வழக்குரைத்தபொழுது, மன்னன் பழியைப் பொற்கொல்லன்மேல் சுமத்தித் தான் தப்பவில்லை. தன் கோல் வளைந்ததை உணர்ந்து அரியணையிலேயே உயிர் துறந்தான். பிறர் சொல்லைக் கேட்டே இட்டதாயினும், ஆணைக்குப் பொறுப்பாளி ஆணையிட்டவனே என்பது தமிழரின் அரசறம். இந்திய ஒன்றியத்தின் குடியரசுத் தலைவர் பொறுப்பையும் இவ்வளவுகோல் கொண்டே அளத்தல் தகும்.

முதலில் பெயரைக் காண்க. 'குடியரசுத் தலைவர்' எனும் தமிழ்ப்பெயரில் குடிகள் முன்னிற்கின்றனர். 'இராட்டிரபதி' எனும் வடசொல்லோ நாட்டுக்கு உடையவன் எனப் பொருள்படுவது. பெயரளவில் உடையவர், ஆயின் அவர் கையிலுள்ள எழுதுகோல் யாருடையது?

1950 சனவரி 26-இல் இராசேந்திரப் பிரசாத்து முதல் குடியரசுத் தலைவரானார். ஆங்கில அரசப் பேராளர்க்கெனக் கட்டப்பெற்ற 340 அறைகள் கொண்ட மாளிகையே அவர்க்கும் உறையுளாயிற்று. அரசமைப்பின் 53-ஆம் உறுப்பு, ஒன்றியத்தின் ஆளும் ஆற்றல் முழுவதையும் அவர்பால் வைத்தது. 74-ஆம் உறுப்பு, அவர்க்கு அறிவுரை கூற அமைச்சரவையை அமைத்தது. அவ்வறிவுரையை அவர் ஏற்றே ஆகவேண்டுமா என்பதை அன்றைய எழுத்து வெளிப்படக் கூறவில்லை. 1960-இல் இராசேந்திரப் பிரசாத்தே இக் கேள்வியைப் பொதுமேடையில் எழுப்பினார். எனினும் இங்கிலாந்து மன்னரைப்போல் அமைச்சரவையின் வழி நிற்பதே வழக்கமாயிற்று.

அவ் வழக்கம் எங்குக் கொண்டுசென்றது? 1975 சூன் 25 இரவு, தலைமையமைச்சர் இந்திரா காந்தியார் நெருக்கடி நிலைக்கான ஆணையை விடுத்தார். பக்ருதீன் அலி அகமது கையொப்பமிட்டார். அமைச்சரவை கூடியதோ மறுநாட் காலையில்! 1976-இல் 42-ஆம் திருத்தம், அறிவுரைப்படியே குடியரசுத் தலைவர் நடத்தல் வேண்டும் என எழுதியே கட்டியது. 1978-இன் 44-ஆம் திருத்தம் அக் கட்டில் ஒரு சிறு நெகிழ்வைத் தந்தது: அறிவுரையை ஒருமுறை மறுபார்வைக்குத் திருப்பலாம், மீண்டும் வந்தால் ஏற்றேயாக வேண்டும். நெருக்கடி நிலைக்கு அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வரவேண்டும் என்றும் அத் திருத்தமே விதித்தது.

தமிழ்நாட்டின் பட்டறிவு இதனினும் கசப்பானது. 356-ஆம் உறுப்பின்கீழ்த் தமிழ்நாட்டின் ஆட்சிகள் 1976 சனவரி 31-இலும், 1980 பிப்பிரவரி 17-இலும், 1991 சனவரி 30-இலும் கலைக்கப்பெற்றன. முதலதில் கையொப்பமிட்டவர் பக்ருதீன் அலி அகமது. இரண்டாவதில் ஆந்திரராகிய சஞ்சீவரெட்டி. மூன்றாவதிலோ தஞ்சை மண்ணில் பிறந்த தமிழர் வேங்கடராமன். அம் மூன்றாம் முறை, ஆளுநர் பர்னாலா கலைப்புக்கு அறிக்கை தரவில்லை. அறிக்கையின்றியே ஆட்சி கலைந்தது!

தமிழன்பர்களே, இங்கேதான் ஊன்றி எண்ணல் வேண்டும். "தமிழர் ஒருவர் அவ்விருக்கையில் அமர்ந்தால் தமிழ்நாடு தழைக்கும்" என்பார் உளர். அமர்ந்தனரே! வேங்கடராமனும் அமர்ந்தார், இராமேசுவரத்தின் அப்துல் கலாமும் அமர்ந்தார். பெருமை வந்தது, உரிமை வரவில்லை. குறை அமர்பவரின் பிறப்பில் இல்லை; இருக்கையின் அமைப்பில் உள்ளது.

எனின், அவ்விருக்கை முற்றிலும் ஆற்றலற்றதா? அன்று. 1986-இன் அஞ்சல் சட்டத் திருத்த வரைவு, மக்களின் மடல்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு இடந்தந்தது. செயில்சிங் அதிற் கையொப்பமிடாமலேயே வைத்திருந்தார். 1997-இல் உத்திரப்பிரதேச ஆட்சியைக் கலைக்கும் அறிவுரையைக் கே.ஆர். நாராயணன் திருப்பியனுப்பினார்; அமைச்சரவை அதைக் கைவிட்டது. 2006-இல் ஊதியப் பொறுப்புகள் பற்றிய சட்டவரைவை அப்துல் கலாம் நாடாளுமன்றத்துக்கே திருப்பினார். அது மாறாமல் மீண்டும் வரவே, ஒப்பமிட்டார். "ஒருமுறை ஆராய்க" எனும் ஒரு சொல்லே நெடுஞ்செழியன் சொல்லத் தவறிய சொல். அச்சொல்லைச் சொல்லும் வாய்ப்பு இன்றும் அவ்விருக்கைக்கு உண்டு.

அச்சொல் தமிழுக்காக ஒலிக்கவேண்டிய இடம் ஒன்று இவ்வூரின் அருகிலேயே உள்ளது. மேலூர்ச் சாலையில், 2004 சூலை 24 முதல் இயங்கிவரும் உயர்நயன்மன்றக் கிளை அது. கீழ்மன்றத்தில் தன் வழக்கைத் தமிழில் கேட்ட உழவர், மேன்முறையீட்டுக்கு அங்கே சென்றால், தன் நிலத்தைப் பற்றிய வாதத்தையே விளங்காமல் நிற்கின்றார். அரசமைப்பின் 348-ஆம் உறுப்பு இதற்கு வழி கூறுகிறது: குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு, மாநில மொழியை உயர்நயன்மன்ற நடவடிக்கைகளில் ஆளுநர் புகுத்தலாம்.

இவ்வழியே இராசத்தானுக்கு 1950-இலும், உத்திரப்பிரதேசத்திற்கு 1969-இலும், மத்தியப்பிரதேசத்திற்கு 1971-இலும், பீகாருக்கு 1972-இலும் இந்திக்கு இசைவு கிடைத்தது. தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை 2006 திசம்பரில் தமிழுக்காகத் தீர்மானம் இயற்றியது. இசைவு வரவில்லை. உச்சநயன்மன்றத் தலைமை நடுவரின் கருத்தைக் கேட்டல் வேண்டும் என 1965-இல் ஒன்றிய அமைச்சரவை ஒரு முடிவு செய்திருந்தது. அதன்படிக் கேட்கப்பெற்று, 2012-இல் அவ் வேண்டுகை ஏற்கப்படாது போயிற்று. அரசமைப்பிலோ அப்படியொரு விதியே இல்லை! இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு மட்டும் அடைபடுவானேன்? அதே எழுதுகோல், அதே உறுப்பு, மொழி மட்டுமே வேறு.

செய்யத்தக்கது யாது? அவ்வெழுதுகோலை ஏந்துபவரைத் தேர்ந்தெடுப்பதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1971-இன் மக்கள் தொகைக் கணக்கின்படி, குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. உறுப்பினர் 234 பேரின் மொத்த மதிப்பு 41,184. இவ்வளவு வாக்கும் ஒவ்வொரு முறையும் கட்சிக் கூட்டணிக் கணக்கில் கரைந்துபோகிறது. வாக்குக் கேட்டுச் சென்னைக்கு வரும் வேட்பாளரிடம், "தமிழை மறுக்கும் அறிவுரை வந்தால் ஒருமுறையேனும் திருப்பியனுப்புவீரா?" என்று வினவிய உறுப்பினர் எத்துணைப் பேர்? வினவுமாறு அவர்களைப் பணித்த குடிமக்கள் எத்துணைப் பேர்?

வேட்பாளரை வினவுவது உறுப்பினர் கடன். உறுப்பினரை வினவுவது குடிகளின் கடன். கண்ணகி அரண்மனை வாயிலுக்குச் சென்று கேட்டாள். கேட்டதனாற்றான் கோல் வளைந்தது வெளிப்பட்டது. குடிகள் வாய்திறவாவிடின், எழுதுகோல் என்றும் செங்கோல் ஆகாது.

வெல்க தமிழ்!