காவல் என்னும் சொல்லின் இரு முகங்கள்



இன்று நாம் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘கா’ என்பது தமிழின் மிகப் பழைய ஓரெழுத்து வினைகளுள் ஒன்று. அதனின்று காவல், காப்பு, காவலன் முதலிய சொற்கள் கிளைத்தன. அரசனைக் காவலன் என்றே முன்னோர் அழைத்தனர். ஆயினும் ஒருவனைப் பிடித்து அடைத்தால், ‘காவலில் வைத்தார்கள்’ என்கிறோம். வெளியிலிருந்து வரும் தீங்கைத் தடுப்பதும் காவல். உள்ளிருப்பவன் வெளியேறாமல் தடுப்பதும் காவல். ஒரு சொல் இவ்விரண்டையும் சுமப்பது தற்செயலன்று. காக்கும் அமைப்புகளோடு நெடுங்காலம் வாழ்ந்த மக்களின் பட்டறிவு அச்சொல்லில் படிந்துள்ளது என்பதே எம் கருத்து.

இளைஞர் விரும்பிப் படிக்கும் ஒரு கற்பனை உலகிலிருந்து தொடங்குவோம். ஆன் மெக்காஃப்ரி 1968ஆம் ஆண்டில் ‘டிராகன்ஃபிளைட்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். அதில் வரும் பெர்ன் என்னும் கோளில், வானிலிருந்து விழும் ஒருவகை இழை உயிருள்ள அனைத்தையும் அழித்துவிடும். நெருப்புமிழும் டிராகன்கள்மீது ஏறிச் செல்லும் வீரர்கள் அவ்விழையை வானிலேயே எரித்துவிடுவர். அவ்வீரர்கள் உழுவதில்லை; நிலத்தை ஆளும் தலைவர்கள் விளைச்சலில் ஒரு பங்கை அவர்களுக்கு அளிக்கவேண்டும். நானூறு ஆண்டுகள் இழை விழாதிருந்தபின், ‘வராத பகைக்கு ஏன் இந்தப் பங்கு?’ என்று தலைவர்கள் முணுமுணுக்கின்றனர். பழைய பேரிடரைப் பாடல்வழிக் கற்பிக்கும் பாணர்களின் சொல்லையும் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆக, அச்சமூகத்தில் காப்போர், ஊட்டுவோர், நினைவூட்டுவோர் என மூன்று தரப்பினர் உள்ளனர். இவர்களுக்கிடையிலான இழுபறியே கதை.

இக்கற்பனை நமக்கு அயலானதன்று. தமிழகத்தில் இத்தகைய ஏற்பாடு பல நூற்றாண்டுகள் நிலவியது. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் வரி குறிக்கப்படுகிறது; ஊர்க்காவலுக்கென மக்கள் செலுத்தியது அது. பின்னாளில் தென்பாண்டி நாட்டில் ஓர் ஊரைக் காப்பது தலக்காவல் என்றும், பெரும் பகுதியைக் காப்பது தேசக்காவல் என்றும் பிரிந்தன. தேசக்காவல் உரிமை பாளையக்காரர் கையில் இருந்தது. களவுபோன மாட்டைப் பற்றித் துப்புக் கொடுப்பதற்குத் துப்புக்கூலி என்னும் கட்டணமும் இருந்தது. காவற்கூலி தராத ஊரில் களவு மிகுந்தது என்பதும், களவுக்கும் காவலுக்கும் சில இடங்களில் ஆள் ஒருவரே என்பதும் அக்கால ஆட்சியாளர் அடிக்கடி எழுதிய குறைகள். 1801ஆம் ஆண்டுப் போருக்குப்பின் கும்பினியார் பாளையக்காரரின் காவலுரிமையை ஒழித்தனர். காப்போன் மீதான நன்றியும் அவன்மீதான அச்சமும் அவ்வூர்களில் பிரியாமல் வாழ்ந்தன.

அந்நன்றியையும் அச்சத்தையும் ஒருங்கே சொல்லும் கதை மதுரைவீரனுடையது. அரசகுலத்தில் பிறந்து, காட்டில் விடப்பட்டு, சக்கிலியர் குடும்பத்தில் வளர்ந்தவன் என்று கதைப்பாடல் மரபு அவனைச் சொல்கிறது. மதுரையைக் கள்வரிடமிருந்து காத்த அவனையே ஐயுற்று, மாறுகால் மாறுகை வாங்கிய அரசாணையையும் அது சொல்கிறது. கொன்ற ஊரே பின்னர் அவனைத் தெய்வமாக்கி வணங்கியது. வீரம் வேண்டும், வீரன் தாழ்ந்த குடியினனாக நம்மிடையே உயரக்கூடாது என்னும் சமூகத்தின் உள்முரண் அக்கதையில் மறைவின்றி வெளிப்படுகிறது.

கடல்கடந்து மலாயாவுக்கு வந்தவர்கள் அக்காவல் தெய்வங்களையும் உடன்கொண்டு வந்தனர். கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெரம், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை, வடக்கே சபா பெர்ணம் என இப்பகுதித் தோட்டங்களில் வளர்ந்தோர்க்கு முனியாண்டியும் மதுரைவீரனும் அறியாத பெயர்களல்லர். குதிரைமேல் அமர்ந்து, ஓங்கிய வாளுடன், தோட்டத்து எல்லையில் அவர்கள் நின்றனர். லயத்து மக்கள் தம் சம்பளத்தில் வரி கொடுத்து ஆண்டுத் திருவிழா எடுத்தனர். அவர்கள் மனமுவந்து அளித்த காவற்பங்கு அது ஒன்றே.

மனமொவ்வாது அளித்த பங்கும் உண்டு. கங்காணி என்னும் சொல்லை நோக்குவோம். கண்ணால் காண்பவன், மேற்பார்ப்பவன் என்பது அதன் பொருள். சோழர் கல்வெட்டுகளில் கோயில் அறங்களை மேற்பார்த்தவரைக் கண்காணி என்றே குறித்தனர். தோட்டத்துக் கங்காணி தன் ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்தவர், பலர்க்கு உறவினர், துன்பத்தில் துணை. அவரே முன்பணக் கணக்கை வைத்திருந்தவர். வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் தலைக்காசு பெற்றவர். ‘எங்களைக் காப்பாற்றியவர்’ என்பதும் ‘எங்களைக் கட்டிப்போட்டவர்’ என்பதும் ஒரே கங்காணியைப் பற்றி ஒரே குடும்பத்தில் சொல்லப்படக் கேட்டிருக்கிறோம். இரண்டும் உண்மையே. 1938ஆம் ஆண்டில் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடைசெய்தபின் ஆள்திரட்டும் அம்முறை முடிவுற்றது. தோட்டத்துப் படிநிலை முடியவில்லை.

அப்படிநிலையில் யார் ஏறிச் செல்லலாம், யார் இறங்கி நடக்கவேண்டும் என்பதற்கும் ஒழுங்கு இருந்தது. எதிரே துரையோ கிராணியோ வந்தால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதனும் அதற்குத் தலைமை தாங்கினர். கோரிக்கைகள் பல: சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், பெண்கள்மீதான அத்துமீறல்களுக்கு முடிவு. அவற்றோடு, துரைக்கும் கிராணிக்கும் முன் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் ஒரு கோரிக்கை. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டதும் போராட்டம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அரசு படையை இறக்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர், நாதன் நாடுகடத்தப்பட்டார்.

கூலி கேட்ட பட்டியலில் மிதிவண்டி ஏன் என்று மாணவர் வினவலாம். ‘இறங்கு’ என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். ‘இறங்கி வந்தான்’ என்றால் பணிந்தான் என்றே தமிழில் பொருள். நாள்தோறும் பாதையில் உடலால் அச்சொல்லை நடிக்க வைக்கப்பட்டவர்க்கு, அது கூலியினும் சிறிய செய்தியன்று.

ஏழாண்டுகளில் காவல் என்னும் சொல்லின் இரு முகங்களும் ஒருசேர வெளிப்பட்டன. 1948 சூன் மாதத்தில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்தது. சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டன. முள்கம்பி வேலி எழுந்தது. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் வந்தன. காட்டிலிருந்து வரும் தாக்குதலைத் தடுத்ததும் அவ்வேலியே; பொழுது சாய்ந்தபின் தொழிலாளியை உள்ளே நிறுத்தியதும் அவ்வேலியே. 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது மக்கள் அதனிடம் எதிர்பார்த்ததும் ஒரு காவலே. ஆனால் இதன் காவற்பங்கு சந்தா எனப்பட்டது. சந்தா கட்டியவன் கணக்குக் கேட்கலாம். கட்டுப்பட்டவன் உறுப்பினன் ஆகும்போதுதான் காவலின் முதல் முகம் இரண்டாம் முகத்தை வெல்லும். இதுவே இவ்வுரையின் மையக் கருத்து.

இனி, மூன்றாம் தரப்பினராகிய நினைவூட்டுவோரிடம் வருவோம். பள்ளிவயதுச் சிறார் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு தொடங்கிய பள்ளிகளின் ஆசிரியர்களே நம் தோட்டப்புறங்களின் பாணர்கள். இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, பல இடங்களில் தோட்டமே வீடமைப்புப் பகுதியாயிற்று. கங்காணியும் இல்லை, துரையும் இல்லை. பகை மறைந்தபின் நினைவும் தேவையற்றது என எண்ணுவது பெர்ன் கோளின் தலைவர்கள் செய்த அதே பிழையாகும்.

ஆசிரியர்கள் தம் மாணவரைப் புக்கிட் மெலாவத்திக் குன்றுக்கு அழைத்துச் செல்கின்றனர். 1784இல் டச்சுக்காரர் அக்கோட்டையைக் கைப்பற்றியதையும், மறுவாண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டதையும் பீரங்கிகளுக்கருகே நின்று விளக்குகின்றனர். நல்லதே. திரும்பும் வழியில் ஒரு தோட்டத்துக் கோயிலிலும் பேருந்தை நிறுத்துங்கள். குதிரைமேல் இருப்பவர் யார், அவரை யார் கொண்டுவந்தார், திருவிழாவுக்கு யார் வரி திரட்டினார், அவ்வழியே யார் இறங்கி நடந்தார் என்று அங்குள்ள முதியவர்களிடம் மாணவர் கேட்கட்டும். பிரட்டு, தண்டல், ஆயாக் கொட்டகை போன்ற சொற்களை அவர்கள் சொன்ன பொருளோடு குறித்துக்கொள்ளட்டும். ஆநிரை மீட்டு இறந்தவனுக்கு நடுகல் எழுப்பிய மொழி நம்முடையது. மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவர்க்கு நம்மிடம் கல் இல்லை. மாணவரின் குறிப்பேடேனும் இருக்கட்டும்.