நடைக்கு ஒரு சொல்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கத் துடித்துக் கொண்டிருக்கும் பிள்ளைகளை அதிக நேரம் காக்க வைக்க மாட்டேன். முதலில் என் தவறு ஒன்றை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

நான் ஆசிரியராக இருந்த காலம். ஒரு மாணவி தன் கட்டுரையில், 'மழை வந்ததும் பாட்டி பால் வாளியோட குடுகுடுன்னு ஓடியாந்தாங்க' என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் 'குடுகுடு'வை அடித்து, 'வேகமாக' என்று திருத்தினேன். "வீட்டுப் பேச்சைப் பள்ளிக்குக் கொண்டு வராதே" என்று கண்டித்தும் விட்டேன். பிள்ளையின் முகம் வாடிப் போயிற்று. அதன் பிறகு அவள் கட்டுரைகளில் பாட்டி வரவே இல்லை.

1982-இல் நம் அரசாங்கம் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தது. பலர் ஜப்பானிய மொழி படித்தார்கள். நானும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கேதான் எனக்குப் பாடம் கிடைத்தது.

ஜப்பானியர் நடையை எப்படிச் சொல்கிறார்கள், கேளுங்கள். குழந்தை தத்தித் தத்தி நடந்தால் 'யொச்சி யொச்சி'. மனமொடிந்தவர் தளர்ந்து நடந்தால் 'தொபொ தொபொ'. திரும்பிப் பாராமல் விரைந்து நடந்தால் 'ஸ்தா ஸ்தா'. நெடுந்தூரம் சளைக்காமல் நடந்தால் 'தெக்கு தெக்கு'. வழி தெரியாமல் சுற்றினால் 'உரொ உரொ'. காலடிச் சத்தம் கேட்க வேண்டியதில்லை. சொல்லின் ஓசையே நடையைக் கண்முன் நிறுத்தும். இவ்வகைச் சொற்களைக் 'கிதாய்கோ' என்பார்கள்.

இன்னொரு நுட்பம். 'கல்' என்பதில் வரும் ககரத்தால் 'கொரொ கொரொ' என்றால் சின்னக் கோலி உருள்கிறது. அதையே, 'சங்கு' என்பதில் வரும் ககரம் போல அதிரச் சொன்னால் பெரிய பாறை உருள்கிறது. ஓசையின் கனமே பொருளின் கனம்!

இவை கடை வீதியில், குழந்தைப் பாட்டில், கதையில் எல்லாம் வரும். இவற்றுக்கென்றே தனி அகராதிகள் போட்டிருக்கிறார்கள். அம்மா மடியில் கேட்ட சொல் என்று தள்ளி வைக்கவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்மிடம் இல்லாததா? விறுவிறு, சரசர, கிடுகிடு, மளமள, தடதட! தொல்காப்பியமே 'இரட்டைக்கிளவி' என்று பெயர் சூட்டி இடம் கொடுத்திருக்கிறதே! அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லித் தந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: 'குடுகுடுவென்று ஓடி வந்தார்' என்று எழுது, அம்மா. 'வேகமாக' என்றால் பேருந்தும் ஓடும், நாயும் ஓடும். வயதான கால்கள், பால் வாளி, மழையில் பால் கெட்டுப் போகுமே என்ற பதைப்பு, எல்லாம் அந்தக் 'குடுகுடு'வில் அல்லவா இருந்தது!

பெற்றோர்களே, "எங்களுக்கு என்னங்க தமிழ் தெரியும்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் மரம் வெட்டப் போன கதையை, உங்கள் பேச்சிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாணவர்களே, அதைக் காது கொடுத்துக் கேளுங்கள், கட்டுரையில் எழுதுங்கள். ஆசிரிய நண்பர்களே, சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் யோசித்து எடுங்கள்.

அந்த மாணவி எங்கிருந்தாலும் என்னை மன்னிக்கட்டும். அவள் பாட்டி மறுபடியும் ஓடி வரட்டும்.