சண்டை போட்டாத்தான் பக்கத்து வீடு தெரியும்



எனக்கு முன்னாடி பேசின சகோதரி என்ன சொன்னாங்க? "அக்கம்பக்கத்தோடு அளவாப் பழகணும். பார்த்தா ஒரு சிரிப்பு, அதோடு கதவைச் சாத்திக்கணும். அப்பத்தான் சண்டை வராது"ன்னாங்க. உண்மைதாங்க. சுடுகாட்டுலகூடத்தான் சண்டை வராது! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, கிண்டிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக்குள்ள போய்ப் பாருங்க. மேல்வீட்டம்மா துணி காயப்போட்டா கீழ்வீட்டு வடாம் மேல சொட்டும். மோட்டார் போட்டது யாரு, நிறுத்தாம விட்டது யாரு? என் இடத்துல வண்டியை விட்டது எவன்? மாடிப்படியில பையன் பந்து அடிச்சா, "பிள்ளை வளர்த்த லட்சணம்"னு அது வேற எங்கேயோ போய் முடியும்.

ஃபிளாட் வாங்கினவங்க பத்திரத்தை முழுசாப் படிச்சிருக்கீங்களா? நிலத்துல உங்களுக்கு உள்ளது 'பிரிக்கப்படாத பாகம்'. எந்த மூலை உங்களுதுன்னு கோடு கிழிக்க முடியாது. பத்திரமே பிரிக்கலைன்னு சொன்ன பிறகு, நீங்க கதவைச் சாத்தி என்னம்மா பிரயோஜனம்? (சிரிப்பு)

"அப்போ சண்டை நல்லதா?"ன்னு நடுவர் கேட்கிறார். நல்லதுன்னு நான் சொல்லலைங்கய்யா. 2015-ஐ நினைச்சுப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

டிசம்பர் 1. மறுநாள் காலைக்குள்ள தாம்பரத்துல மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்துல விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறந்தாச்சு. அடையாறு கரையைத் தாண்டி ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டைன்னு வீட்டுக்குள்ளேயே வந்திருச்சு. கரண்ட் இல்லை. செல்போன் ஊமையாப் போச்சு. அமெரிக்காவுல இருக்கிற மகனுக்கு, அம்மா இருக்காங்களா இல்லையான்னே தெரியலை.

படகு வர்றதுக்கு நேரமாகும். தண்ணி காத்திருக்குமா? அந்த இருட்டுல எத்தனையோ அடுக்குமாடியில கதவைத் தட்டினது யாரு? மேல்வீட்டுக்காரர்! நேத்து வரைக்கும் மோட்டாருக்காகக் கத்தினாரே, அதே மனுஷன்! (பலத்த கைதட்டல்)

கீழ்வீட்டுப் பெரியம்மாவால தனியாப் படியேற முடியாதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? "உங்க பையன் தலைக்கு மேல தடதடன்னு ஓடுறான், மூட்டுவலியில கண்ணை மூட முடியலை"ன்னு அந்தம்மா போன வாரம்தானே சண்டைக்கு வந்தாங்க! அந்தச் சண்டைதாங்க அன்னிக்கு அவங்களைத் தூக்கிட்டு மேல போச்சு.

அளவாச் சிரிச்சிட்டுப் போற நம்ம சகோதரிக்கு, கீழ்வீட்டுல ஆள் இருக்கா, பூட்டிக் கிடக்கான்னாவது தெரிஞ்சிருக்குமா? மேல கொண்டு போனாப் போதுமா? பெரியம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, வேளைக்குக் கஞ்சி வேணும். அதையும் இந்த வாயாடி மேல்வீட்டம்மாதான் அறிவாங்க.

நடுவர் மணிப் பக்கம் கையைக் கொண்டு போறார், முடிச்சிடறேன். அடுத்துப் பேச வர்ற எதிரணி நண்பர் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு ஆரம்பிக்கட்டும்: உங்க மேல்வீட்டுக்காரர் பேரு என்ன சார்? (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)