தகப்பனாரின் கண்களும் மகளின் கதையும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பாடசாலை நாட்களில் ‘ஜேன் எயர்’ நாவலை எங்களில் பலர் வாசித்திருப்போம். அது ஒரு நோயாளியின் அறைக்குப் பக்கத்தில் எழுதத் தொடங்கப்பட்ட கதை.

இங்கிலாந்தில், யோர்க்ஷயரின் ஹவேர்த் என்ற ஊரில் மதகுருவாக இருந்தவர் பற்றிக் புறொன்டே. மனைவியை 1821 இல் இழந்தவர். 1846 இல், 69 வயதில், கண்புரையால் அவரது பார்வை ஏறக்குறைய அற்றுப்போயிற்று. பிரசங்க மேடைக்கும் அவரைக் கைபிடித்தே அழைத்துச் சென்றார்கள். ஒரே மகன் குடியில் வீழ்ந்திருந்தான். பாரம் மூன்று பெண்பிள்ளைகளின் தோளில்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் சார்லட்டும் எமிலியும் மான்செஸ்ரருக்குப் போய் வில்சன் என்ற கண் சத்திரசிகிச்சை வைத்தியரைக் கண்டார்கள். பிறகு சார்லட் தகப்பனாரை அங்கே கூட்டிச் சென்றார். எமிலியும் ஆனும் வீட்டையும் சகோதரனையும் பார்த்துக்கொண்டார்கள்.

ஓகஸ்ட் 25 இல் ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. மயக்கமருந்து வழக்கத்துக்கு வராத காலம். ஏறத்தாழ கால் மணி நேரம் கிழவர் அசையாமல் தாங்கினார். அவர் விரும்பியபடி சார்லட்டும் அறையில் இருந்தார். பின்னர் கண்ணைக் கட்டி, இருட்டறையில் நாட்கணக்காகப் படுக்கை. சார்லட்டுக்கோ பல்வலி. தாதிக்கு என்ன சாப்பாடு ஒழுங்குசெய்வது என்ற கவலை வேறு. அவர் எழுதிய முதல் நாவலும் சத்திரசிகிச்சை நாளன்றே மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அந்த வாடகை அறையில்தான் அவர் ‘ஜேன் எயர்’ எழுதத் தொடங்கினார்.

தகப்பனாருக்குப் பார்வை திரும்பியது. 1847 இல் நாவல் வெளிவந்தபின் மகள் அதைச் சொன்னபோது, கையெழுத்துப் பிரதியை வாசித்தால் கண் நோகுமே என்றுதான் அவர் முதலில் அஞ்சினாராம். அச்சிட்ட புத்தகம் என்று அறிந்து, தாமே வாசித்தார். கதையின் முடிவில் றொச்செஸ்ரருக்கு ஒரு கண்ணில் பார்வை திரும்புவது எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறதல்லவா?

பிள்ளைகள் அனைவரையும் இழந்தபின், 1861 வரை அவர் வாழ்ந்தார்.

சகோதரிகளே, இன்று எங்களில் ஒருத்தி ஊரில் தாயின் கட்டிலருகே இருக்கிறாள். இன்னொருத்தி ரொறன்ரோவிலிருந்து இரவில் தொலைபேசி எடுத்துக் கலங்குகிறாள். கூடப் போன சார்லட் மட்டுமா பராமரித்தார்? வீட்டைத் தாங்கிய எமிலியும் ஆனும் பராமரித்தவர்களே. ஆகவே, யார் அதிகம் செய்தது என்று கணக்குப் பார்க்காதீர்கள், வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். கட்டிலருகே இருப்பவளிடம், “நீ என்ன செய்துகொண்டிருந்தாய், அதை விட்டுவிட்டாயா?” என்றும் ஒருமுறை கேளுங்கள். விட்டிருந்தால், அவள் அதைத் திரும்ப எடுப்பதற்கு ஒரு மணி நேரமாவது நீங்கள் அந்தக் கட்டிலருகே இருங்கள்.